மூன்றாம் முறை கூப்பிட்டபோது

அத்தியாயம் 9

“இன்னொரு தரமும் படிச்சுப் பாத்துட்டேன் அத்தை. செத்த வருஷம் நாப்பத்தஞ்சுதான். மார்ச் மாசம். பர்மாவுல ஒரு ஆத்தைத் தாண்டும்போது. கீழே முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கு.”

சென்னையிலிருந்து தம்பி மகள் காவ்யா பேசினாள். ஆரணியில், தம்பி வீட்டுச் சமையலறையில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அபிதகுசாம்பாள், கைபேசியை உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்திருந்தாள்.

“நாப்பத்தஞ்சுல செத்தவருக்கு அறுபத்திரண்டுல நான் எப்படிடி பொறந்தேன்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

ஒரு வாரமாக அந்த வீட்டில் இந்தக் கேள்விதான் காலும் கையும் முளைத்து நடமாடிக்கொண்டிருந்தது. பரணில் கிடந்த தகரப் பெட்டியில் தாத்தாவின் பட்டாளத்துப் படத்தைக் கண்டெடுத்து, ‘தாத்தா எந்த ஊர்லதான் சண்டை போட்டார்’ என்று விளையாட்டாகத் தேட ஆரம்பித்தவள் காவ்யா. எங்கெங்கோ எழுதிப் போட்டாள். பதில் வந்தது. சிப்பாய் சடையன், கலசப்பாக்கம் பக்கத்துக் கிராமம், தகப்பன் பெயர், தாய் ரங்கம்மாள் பெயர், எல்லாம் சரி. கடைசி வரிதான் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டது. ‘போர்முனையில் இறந்தார்.’

ஆனால் சடையன் நாற்பத்தாறில் தகரப் பெட்டியோடு திரும்பி வந்தவர். ஆரணிக்குக் குடிவந்து, பட்டுத்தறி கற்றுக்கொண்டு, முப்பத்தெட்டு வயதில் கல்யாணம் செய்து, அபிதாவையும் பன்னீர்செல்வத்தையும் பெற்று வளர்த்தவர். தொண்ணூற்றொன்றில், இதே வீட்டின் பின்னறையில் கண்ணை மூடினார். முகத்தைத் துடைத்துவிட்டவள் அபிதா. அப்போதே ஏழு வருஷம் கிராம நர்ஸாக வேலை பார்த்த கை அது. உயிருள்ள உடம்பும் தெரியும், போன உடம்பும் தெரியும்.

“வெள்ளைக்காரன் எழுதினா வேதமா?” என்று ஈர வேட்டியோடு உள்ளே வந்தான் பன்னீர்செல்வம். அறுபதைத் தொடப்போகிறவன். அப்பாவை அச்சில் வார்த்தது போல அதே நெற்றி, அதே தாடை. “ஆயிரம் சடையன் போயிருப்பான் பட்டாளத்துக்கு. எவனோ குமாஸ்தா பக்கத்த மாத்தி எழுதிட்டான். வுட்டுத் தள்ளுக்கா. இன்னிக்கு மகாளய அமாவாசை. உச்சிக்குள்ள எல போட்டு, பேரு சொல்லி எள்ளும் தண்ணியும் வுடணும். எனக்கு அதுதான் கவலை.”

“அப்பா, அவசரப்படாதீங்க. நேத்து ராத்திரி இன்னொரு பக்கமும் வந்துச்சு” என்றாள் காவ்யா. “பட்டாளத்துல சேரும்போது எழுதினது. உயரம் அஞ்சடி நாலு. அப்புறம் அங்க அடையாளம். வலது மூக்கு குத்தியிருக்குன்னு போட்டிருக்கு.”

பன்னீர் பக்கென்று சிரித்துவிட்டான். “பாத்தியா! ஆம்பளைக்கு மூக்குத்தியாம். சசி, கேட்டியா? உங்க மாமனார் மூக்குத்தி போட்டுகினுதான் ஜப்பான்காரனைச் சுட்டாராம்.”

அடுப்படியில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி சசிகலாவும் சிரித்தாள். அபிதா சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த அவரைக்காய் பாதி முறிந்து அப்படியே நின்றது.

“என்ன அத்தை?”

“பொறக்கறது ஒண்ணும் தங்காம போனா, அடுத்ததை அப்படிப் பண்ணுவாங்கடி. குப்பைமேட்டுல போட்டுட்டு, வேற ஒருத்தி தவிடு குடுத்து வாங்கற மாதிரி வாங்கி, மூக்கு குத்தி வுட்டுடுவாங்க. எமன் வந்தாலும் இது அந்த வீட்டுப் புள்ள இல்லேன்னு போயிடணும்னு. எங்க ரங்கம்மா ஆயாவுக்கு எங்க நைனாவுக்கு முன்ன ரெண்டு தவறிப்போச்சு.”

“அப்ப சரியாப் போச்சே” என்றான் பன்னீர். “நைனாவுக்குக் குத்தியிருப்பாங்க. காயிதம் நம்ம நைனாவோடதுதான். செத்த தேதிதான் தப்பு.”

“நைனா மூக்குல ஓட்டை இல்லடா.”

“தூந்துபோயிருக்கும்.”

“தூந்தாலும் வடு இருக்கும். பஞ்சு வெச்சவ நான்.”

அமாவாசை என்பதால் அவர்கள் தெருவில் தறி ஓடவில்லை. மற்ற நாளில் காது கொடுத்தே கேட்காத அந்தச் சத்தம், இல்லாமல் போனதும் வீடு முழுக்கக் காலியாக இருந்தது. அந்தக் காலியில், பின்னறைத் தறியிலிருந்து ஒரே ஒரு தரம், ‘டக்’ என்றது.

“பூனை” என்றான் பன்னீர்.

“பூனைதான்” என்றாள் சசிகலா.

ஆனால் எழுந்து போய் ஒருவரும் பார்க்கவில்லை.

“அத்தை” என்று மெல்ல ஆரம்பித்தாள் காவ்யா, “நீங்க திட்டக்கூடாது. தாத்தா படத்தைப் பட்டாளத்துக் குடும்பங்கள் எல்லாம் இருக்கற ஒரு குரூப்ல போட்டேன். நம்ம வீட்டு விலாசமும் உங்க நம்பரும் குடுத்திருக்கேன். யாராவது கூப்பிட்டா எடுங்க.”

“ஏன், தண்டோரா போடறதுதானே!” என்றான் பன்னீர். பிறகு அக்காவைப் பார்த்தான். சிரிப்பு அவன் முகத்தில் மிச்சமில்லை. “யக்கா, இப்ப இன்னா பண்ணச் சொல்ற? மத்தியானம் தண்ணிய வுடறப்ப நான் யாரு பேரச் சொல்றது?”

“அது தெரிஞ்சவங்க ஒருத்தங்கதான் இருக்காங்க. சட்டையப் போடு. ஜல்தி. போளூர் பஸ்ஸப் புடிச்சா பதினொண்ணுக்குள்ள திரும்பிடலாம்.”

*

பேருந்து நிலையத்தில் போளூர் வண்டிக்குப் பக்கத்தில் சேத்துப்பட்டு வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் அபிதா அதன் படிக்கட்டருகே நின்றுவிட்டாள்.

சேத்துப்பட்டுப் பக்கத்தில் இரண்டு வருஷம் அவளுக்கு வேலை. அப்பா ஒரு நாள்கூட வந்து பார்த்ததில்லை. திங்கட்கிழமை விடிகாலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலையம்வரை வருவார். அவள் ஏறியதும் படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைப்பார். வண்டி நகர்ந்ததும் இறக்கிக்கொள்வார். “வாயேன் நைனா, எடத்தப் பாத்துட்டுப் போவ” என்று அவள் சொன்னால், “அந்த வண்டி எனக்கு ஒத்துக்காதும்மா” என்பார். வேலூர் வண்டி ஒத்துக்கொள்ளும், காஞ்சிபுரம் வண்டி ஒத்துக்கொள்ளும். சேத்துப்பட்டு வண்டிதான் ஒத்துக்கொள்ளாது.

போளூர் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கைபேசி அடித்தது. தெரியாத எண்.

“எடுக்காதக்கா. எதையாச்சும் விக்கறவனா இருப்பான்.”

அடித்து ஓய்ந்தது. ஊர் தாண்டியதும் மறுபடி அடித்தது. அதே எண். அதையும் அவள் எடுக்கவில்லை. மூன்றாவது தரம் அடிக்குமோ என்று கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அடிக்கவில்லை.

“நைனா மாதிரியே பண்ற நீ” என்றான் பன்னீர். “மூணாவது தரம் அடிச்சாதான் எடுப்ப போல.”

அது அந்தத் தெருவுக்கே தெரிந்த விஷயம். ‘சடையண்ணே’ என்று ஒரு தரம் கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார். இரண்டாவது தரமும் திரும்ப மாட்டார். மூன்றாவதில்தான், தூக்கத்தில் எழுந்தவர்போல், ‘ஆங்…’ என்பார். காட்டேரி இரண்டு தரம்தான் கூப்பிடும், மூன்றாவது தரம் கூப்பிடுகிறவன்தான் மனிதன், பர்மாக் காட்டில் பழகியது அப்படி என்று ஊரே அதற்கு ஒரு காரணம் கட்டி வைத்திருந்தது. அம்மாவும் குழம்பை வைத்துக்கொண்டு, “உங்க நைனாவ மூணு தரம் கூப்புடுங்க” என்பாள்.

“பன்னீரு, நைனா போன அன்னிக்குப் பின்னறையில என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்குதா?”

“அதயேன் இப்ப கெளர்ற?”

“சொல்லு.”

“‘சடையா’ன்னாரு. தம்பேரயே தானே கூப்டுகினாரு. நெனவு தப்பிப்போச்சுன்னு டாக்டர்கூட சொன்னாரே.”

“ரெண்டு தரம் கூப்டாருடா. ரெண்டு தரம் கூப்ட்டுட்டு வாசப் பக்கம் பாத்துகினே இருந்தாரு. மூணாவது கூப்புடறதுக்குள்ள போயிட்டாரு.”

பன்னீர் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். போளூர் வரும்வரை திரும்பவேயில்லை.

*

அப்பாவின் தங்கை சின்னம்மாளுக்குத் தொண்ணூற்று மூன்று. காது பாதி, கண் முக்கால், நாக்கு முழுசு. மருமகள் ராதிகாதான் கதவைத் திறந்தாள்.

“வாங்கக்கா! இன்னாது, அமாவாசையும் அதுவுமா? அத்தையத்தான் பாக்க வந்தீங்களா? ஒரு வாரமா ஒரு தினுசாப் பேசிகினு கீது. யாரு யாரையோ கூப்புடுது. எனக்கே பேஜாராப் போச்சு.”

“ஒரு வாரமாவா?” என்றாள் அபிதா. அந்தக் கடிதம் வந்தும் ஒரு வாரம்தான் ஆகிறது.

அபிதா உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள். பன்னீர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் நின்றான். வெயில் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முகம் இருட்டில் இருந்தது. சின்னம்மாள் தலையைத் தூக்கி அவனையே பார்த்தாள். பொக்கை வாய் மெல்ல விரிந்தது.

“ஏன் கமலக்கண்ணு, அங்கியே நின்னுகினு கீற? உள்ள வாயேன்.”

பன்னீர் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தான். தெருவில் ஈ காக்கை இல்லை.

“அத்தை, அது பன்னீரு. உங்க அண்ணன் புள்ள.”

“யாரு… பன்னீரா?” கிழவி கண்ணைச் சுருக்கினாள். முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்தது. “ஆமா, பன்னீருதான். பல்லப் பாத்தா தெரியுதே.”

அபிதா குனிந்து, அவள் காதருகே நிதானமாகக் கேட்டாள். “அத்தை, உங்க அண்ணனுக்கு மூக்கு குத்தினாங்களா?”

“குத்தாம? எங்கம்மாதான் குத்தினா. முன்ன ரெண்டும் தங்கல இல்ல? வேல முள்ளால குத்தி, வேப்பங்குச்சி சொருவினாளாம். ஊருல அவன மூக்கான்னுதான் கூப்புடுவாங்க.”

“எங்க நைனா மூக்குல ஓட்டை இல்லையே அத்தை.”

கட்டில் கயிறு ஒரு தரம் முனகியது. சின்னம்மாள் அபிதாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“கேட்டுட்டியா? அவரு செத்த அன்னிக்கே கேப்பன்னு பாத்தேன். மூக்குல பஞ்சு வெச்சவ நீதான. கேக்கல. சரி, தெரியாமலே போவட்டும்னு வுட்டுட்டேன்.”

“யாரு அத்தை அவரு?”

“உங்க நைனா.”

“அத்தை!”

“கத்தாத. சொல்றேன். எங்கண்ணன் போயிட்டான்னு தந்தி வந்தப்ப எனக்குப் பன்னண்டு வயசு. பள்ளிக்கூடத்து வாத்தியாரு படிச்சுச் சொன்னாரு. எங்கப்பன் அத வாங்கி அடுப்புல சொருவிட்டு, ‘உங்கம்மாகிட்ட மூச்சு வுடாத’ன்னாரு. அம்மாவுக்கு அதுக்குள்ள ரெண்டு கண்ணுலயும் பூ வுழுந்து பார்வ போயிடுச்சு. எம்புள்ள வருவான், வருவான்னு வாசல்லயே ஒக்காந்துகினு இருந்தா.”

“அப்புறம்?”

“அடுத்த வருஷம், ஒரு மத்தியானம், காக்கிச் சட்ட போட்டுகினு ஒருத்தர் வந்து நின்னாரு. கையில எங்கண்ணன் பொட்டி. ‘சடையன் வீடு இதானா’ன்னு என்னக் கேட்டாரு. செத்த சேதியச் சொல்லி, பொட்டியக் குடுத்துட்டுப் போவ வந்த மனுஷன். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, அந்தப் பேரு காதுல வுழுந்து எங்கம்மா எழுந்து வந்துட்டா. ‘சடையா’ன்னா. அவரு பேசல. கிட்டப் போயி முகத்தத் தடவினா. ‘சடையா’ன்னா. அப்பவும் பேசல. கண்ணுலருந்து பொலபொலன்னு தண்ணி ஊத்துது. மூணாவது தரம் கூப்டா பாரு, அந்த மாதிரி ஒரு கொரல நான் அப்பறம் கேட்டதில்ல… ‘ஆங், அம்மா’ன்னுட்டாரு.”

ராதிகா கையில் காப்பித் தம்ளரோடு அப்படியே நின்றிருந்தாள்.

“எங்கப்பன் அந்தாளு ரெண்டு கையயும் புடிச்சுகினாரு. ஒரு வார்த்த இல்ல. ஊருல கேப்பாங்கன்னு அந்த மாசமே வீட்ட வுட்டுட்டு ஆரணிக்கு வந்துட்டோம். நாலு நாள்ல போயிடலாம்னுதான் அவரு இருந்தாரு. போவலாம்னு கெளம்புவாரு. அம்மா சடையான்னுவா. ஒக்காந்துடுவாரு.”

“முகத்தத் தடவினாங்களே அத்தை. மூக்கத் தடவிப் பாத்தா ஓட்டை இல்லேன்னு ஆயாவுக்குத் தெரியாதா?”

“தெரியாம இருக்குமாடி? குத்தினவளே அவதான!” கிழவி தனக்குள் சிரித்துக்கொண்டாள். “அவளுக்குத் தெரியாதுன்னு நாங்க நெனச்சுகினு இருந்தோம். எங்களுக்குத் தெரியாதுன்னு அவ நெனச்சுகினு இருந்தா. அப்படியே எல்லாரும் ஒருத்தர் பின்னால ஒருத்தர் போய்ச் சேந்துட்டாங்க. நாந்தான் பாக்கி.”

“கமலக்கண்ணுங்கறது…”

“அவரு பேரு. கமலக்கண்ணன். யாரும் இல்லாதப்ப நான் மட்டும் அப்படிக் கூப்புடுவேன். ஒரே ஒரு தரம். ஊசி குத்தினாப்புல திரும்புவாரு.”

“எந்த ஊரு அத்தை? வீடு, வாசல், மனுஷங்க?”

“சேத்துப்பட்டுப் பக்கம்னாரு. அதுக்கு மேல கேட்டா எழுந்து தறிக்குழிக்குள்ள எறங்கிடுவாரு. அப்பறம் டக்கு டக்குன்னு அந்தச் சத்தந்தான்.”

வாசற்படியில் பன்னீர் இல்லை. வெளியே குழாயடியில் நின்று முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டிருந்தான். அபிதா போய் அவன் தோளைத் தொட்டாள்.

“முப்பத்திநாலு வருஷமாக்கா” என்றான். “முப்பத்திநாலு வருஷமா சடையன், சடையன்னு பேரு சொல்லி வுட்டேனே. அந்தத் தண்ணி யாருக்குப் போச்சு?”

“பேருக்கு உரியவருக்குப் போயிருக்கும். பர்மாவுல கெடக்கறாரே, அவருக்கு.”

“அப்ப நைனாவுக்கு?”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அபிதா அதை இறுக்கி மூடினாள்.

*

“ரெண்டு எலையா? போன்ல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் வடைய எண்ணித்தான் சுட்டேன்” என்றாள் சசிகலா. விஷயத்தைக் கேட்டபின் இரண்டாவது இலையைத் தானே துடைத்துப் போட்டாள்.

அப்பா இருந்தவரை இரண்டு இலைதான். ஒன்று பெரியவர்களுக்கு, ஒன்று ‘கூட்டாளிக்கு’. எந்தக் கூட்டாளி என்று யாரும் கேட்டதில்லை. அவர் போனபின் பன்னீர் ஒரே இலையாக்கிவிட்டான்.

மாடியில் வெயில் தலைக்கு நேராக நின்றது. காலடியில் நிழலே இல்லை. தெரு முழுக்கத் தறிகள் வாயடைத்துக் கிடந்தன. பன்னீர் தெற்கே பார்த்து உட்கார்ந்து, உள்ளங்கையில் எள்ளை வைத்தான். அபிதா செம்பைச் சாய்த்தாள்.

“சொல்லுடா.”

“நாக்கு வரலக்கா.”

“உச்சி தாண்டுது. சொல்லு.”

“எங்க நைனா…” கண்ணை மூடிக்கொண்டான். “எங்க நைனா… கமலக்கண்ணன்…”

கட்டைவிரல் வழியே தண்ணீர் இறங்கியது. அவன் எழுந்து கைப்பிடிச் சுவரில் சோற்று உருண்டையை வைத்துவிட்டு, “கா” என்றான். எப்போதும் அரைமணி நேரம் தொண்டை கட்டக் கத்த வேண்டும். இன்று இரண்டாவது ‘கா’வுக்கு அவன் வாயைத் திறப்பதற்குள் தண்ணீர்த் தொட்டியின் பின்னாலிருந்து ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அவனை ஒரு பக்கமாகப் பார்த்தது. சோற்றைக் கவ்விக்கொண்டது.

“பசி போல” என்றாள் சசிகலா.

பன்னீர் சின்னப் பிள்ளைபோல முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “இன்னொண்ண நீ கூப்புடுக்கா. நைனா பாதியில வுட்டது அது.”

அபிதா இரண்டாவது உருண்டையை வைத்தாள். அவள் பார்த்தேயிராத ஒரு மனிதன். மூக்கில் துளையோடு போனவன். அவன் பெயரில் வளர்ந்து, அவன் பெயரை முதலெழுத்தாகப் போட்டுக் கையெழுத்திட்டு, அவன் பெயர் சொல்லி மணவறையில் உட்கார்ந்தவள் அவள். மரியாதை வைத்துக் கூப்பிட ஒரு முறையும் தெரியவில்லை. அப்பா கூப்பிட்டது போலவே கூப்பிட்டாள்.

“சடையா!”

சுவரில் காக்கை இல்லை. வானத்திலும் இல்லை.

“சடையா!”

கீழே தெருவில் ஆட்டோ ஒன்று வந்து நின்று, திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

“போதும்க்கா” என்று பன்னீர் அவள் கையைப் பிடித்தான். “மூணாவது வேணாம். எனக்கு என்னவோ மாதிரி இருக்குது.”

அவன் கையை விலக்கினாள். முப்பத்திநாலு வருஷத்துக்கு முன் பின்னறையில் பாதியில் நின்ற வாய் அவள் கண்முன் இருந்தது.

“சடையா!”

“ஆங்…” என்றது ஒரு குரல். “வந்துட்டேன்.”

கீழே, அவர்கள் வீட்டு வாசலில்.

சசிகலாவின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்து வட்டமடித்தது. அப்பாவின் குரல். இழுத்து, தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல், அதே ‘ஆங்’.

எப்படி இறங்கினார்கள் என்று பிறகு அவர்களுக்கே நினைவில்லை. திறந்திருந்த கதவில், ஒரு கையால் நிலையையும் ஒரு கையால் துணிப்பையையும் பிடித்துக்கொண்டு, எண்பது தாண்டிய பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அதே நெற்றி. அதே தாடை. அப்பாவின் முகம்தான், ஆனால் அப்பா எட்டாமல் போன ஒரு வயதில்.

பன்னீர் சுவரில் சாய்ந்துவிட்டான்.

“காலையில ரெண்டு தரம் போன் போட்டேன்மா. எடுக்கல” என்றார் பெரியவர். “சரி, நேராவே போயிடலாம்னு வந்துட்டேன். சேத்துப்பட்டுலருந்து வரேன். எம்பேரன் அவன் போன்ல ஒரு போட்டோ காட்டினான். அதுல நிக்கிறது எங்கப்பன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “ஆமா… நான் வரன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுங்களே” என்றாள் அபிதா.

“பின்ன எம்பேரச் சொல்லிக் கூப்டீங்களே? மொத ரெண்டு தரம் வேற யாரையோன்னு நெனச்சேன். மூணாவது தரமும் கேட்டதும் கொரல் குடுத்துட்டேன்.”

“உங்க பேரு…”

“சடையன். பட்டாளத்துலருந்து எங்கப்பன் போட்ட ஒரே கடுதாசியில, பையன் பொறந்தா இந்தப் பேர வைன்னு எழுதினாராம். அவரு உசுருக்கு உசுரான கூட்டாளி பேராம்.”

அவர் பார்வை அபிதாவைத் தாண்டிச் சுவருக்குப் போனது. சந்தன மாலைக்குள் அப்பா. கீழே ‘மிலிட்டரி’ சடையன் என்ற பெயர், மறைந்த தேதி. பெரியவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கிட்டப் போய், விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“தொண்ணூத்தி ஒண்ணா?” என்றார். “தொண்ணூத்தி நாலுல சாவற வரைக்கும் எங்கம்மா பொட்டு வெச்சிகினு இருந்தாளே.”

அவர் மெல்லத் திரும்பினார். துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். உள்ளே என்னவோ காகிதம் சரசரத்தது.

“நான் இன்னிக்கு பஸ்ஸுல வந்தேன். ஒரு மணி நேரந்தான் ஆச்சு, அங்கருந்து இங்க.” கோபமே இல்லாமல், வழி கேட்பவரைப் போலத்தான் கேட்டார். “அவரு ஏம்மா வரல?”

சேத்துப்பட்டு வண்டியின் படிக்கட்டில் ஒரு காலை வைத்து வைத்து இறக்கிக்கொண்ட அப்பாவின் செருப்பு அபிதாவின் கண்ணில் வந்து நின்றது.

“ஏம்மா வரல?” என்று பெரியவர் இரண்டாவது தரம் கேட்டார்.

மூன்றாவது தரம் கேட்பதற்குள் அவள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.